பின் வரிசையில் ஒரு கை

ஏலக்காரருக்குக் கண் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. வாய் மட்டும் ஒரு நாள்கூட ஓய்ந்ததில்லை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து இறக்கும் மேஜை, நாற்காலி, பீரோ, பீங்கான் பாத்திரம் எல்லாவற்றையும் ஏலம் விடுவது அவர் தொழில். கண் நரம்பு பட்டுப்போய் உலகம் இருண்டபோது, மனுஷன் இனி ஏலக் கூடத்தைப் பூட்டிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ கொஞ்ச நாளில் எப்போதும்போல மேடை ஏறி, ஏலம் என்பது காது சமாச்சாரம், கண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று சவடால் அடித்தார். கேட்டவர்கள் நம்பினார்கள். அவர்களைவிட அதிகமாக அவரே நம்பினார்.

உண்மையில் அது அவருடைய இடது முழங்கை சமாச்சாரம். மேடையில் அவருக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்து, அவர் முழங்கைமேல் கையை வைத்திருப்பாள். ஏலத்துக்கு வருவது பாத்திரம் என்றால் ஒரு அமுக்கு. செருப்பு, பை மாதிரித் தோல் சாமான் என்றால் இரண்டு. கடிகாரம் என்றால் ஒரு கிள்ளு, விளையாட்டுச் சாமான் என்றால் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. கை தூக்கியவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சட்டைக் கையில் ஓர் இழுப்பு. விலை கேட்டுவிட்டுப் பிறகு பேச்சு மாறுகிற ஆசாமி என்றால் நகம் அழுந்தும். இதையெல்லாம் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. குடித்தனத்தில் மற்றப் பழக்கங்கள் வளர்வதுபோல இதுவும் வளர்ந்தது. நாளாக ஆக, அமுக்குவதை அவள் மறந்தாள், அமுக்கப்படுவதை அவர் மறந்தார். எப்படி சார் கண்டுபிடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், மனசில் பளிச்சென்று தோன்றுகிறது என்பார். பொய் சொல்கிற முகமே இல்லை அது.

நம்பாதவன் ஒருவன் உண்டு. மனைவியின் தம்பி. வாரம் தவறாமல் வந்து, அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஏலம் விடுறது அக்கா. மாமா வெறும் ஒலிபெருக்கி" என்பான். ஏலக்காரர் சிரித்து மழுப்புவார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருந்தது. சாவதற்குள் ஒரு நாளாவது மேடையில் தனியாக நின்று ஏலம் விட்டு அவன் வாயை அடைக்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

அதனால்தான், பார்வை போனவர்கள் மூளையில் கருவி பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றார். அங்கே தலைமை டாக்டரம்மா பொறுமைசாலி. முன்னால் இருப்பதைப் பார்க்க எதற்குப் பின்னந்தலையில் ஓட்டை போட வேண்டும் என்று அவர் சண்டைக்கு நின்றபோதுகூடக் கோபப்படவில்லை. கண் வெறும் வாசல், பார்க்கிற வேலை நடப்பது தலையின் பின்கட்டில், உங்களுக்கு வாசல்தான் இடிந்திருக்கிறது, பின்கட்டு நன்றாக இருக்கிறது என்று விளக்கினார். நகம் அளவுக்கு ஒரு தகட்டை அந்தப் பின்கட்டில் பதித்தார்கள். மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி. கேமரா பார்ப்பதைப் பெட்டி சின்னச் சின்ன மின்துடிப்புகளாக மாற்றித் தகட்டுக்கு அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் அவருக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும்.

எந்தத் துடிப்புக்கு எந்த இடத்தில் புள்ளி தெரிகிறது என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. இளம் இன்ஜினியர் ஒருவர் பெட்டியைத் திருகுவார், ஏலக்காரர் விரலை நீட்டி இங்கே, அங்கே என்பார். மூளைக்குள் எதுவும் ஒழுங்காக இல்லை. இடது பக்கம் தெரிவதற்கு வலது மூளையில் இடம். மேலே தெரிவதற்குக் கீழே இடம். நேர் எதிரே பார்ப்பதற்குப் பெரிய மாளிகை, ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு மூலையில் ஒரு பொந்து. எந்தக் கொத்தனார் கட்டிய வீடு தம்பி இது என்று கேட்டார் ஏலக்காரர். முன் வரிசைக்காரனுக்கு சோபாவும் பின் வரிசைக்காரனுக்குப் பலகையும் போட்டிருக்கிறான், நல்ல வியாபாரிதான் என்று அவரே பாராட்டியும் வைத்தார்.

இன்ஜினியருக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் தன் தொழிலின் பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மூளை ஒரு மாதிரியான ஆளு சார். எது அப்படியே இருக்கோ அதைக் கண்டுக்காது. போட்டிருக்கிற சட்டை உடம்புல இருக்கிறது நமக்கு நினைவுக்கு வருதா? ஏதாவது மாறினாத்தான் உள்ள சேதி போகும். அசையாத படத்தை அசையாத கண்ணுக்குக் காட்டினா, கொஞ்ச நேரத்துல அது மறைஞ்சே போயிடும்."

"இதை எனக்கா சொல்றே தம்பி? கூடத்துல சும்மா உட்கார்ந்திருக்கிறவனை எவன் பார்ப்பான்? கை தூக்குறவனைத்தான் பார்க்கணும்."

பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அவர் மனைவி, நேரமாயிற்று, மாத்திரை போட வேண்டும் என்று சொன்னாள்.

பிறகு தேர்வு ஆரம்பித்தது. கறுப்புத் துணி விரித்த மேஜையில் வெள்ளையாக ஒரு கோப்பை, ஒரு செருப்பு, ஒரு கடிகாரம், ஒரு பந்து இவற்றில் ஏதாவது ஒன்றை வைப்பார்கள். என்னவென்று அவர் சொல்ல வேண்டும். துணைக்கு வந்தவர் கூடவே இருக்கலாம் என்பது அங்கே விதி. மனைவி இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கோப்பையை வைத்தார்கள். ஏலக்காரர் கண்ணாடியை ஒரு தடவை சரிசெய்துகொண்டு, "கோப்பை" என்றார். பந்தை வைத்தார்கள், பந்து என்றார். அன்று முழுவதும் தப்பே இல்லை. மறுநாளும் இல்லை. இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு குறைந்த புள்ளிகளை வைத்துக்கொண்டு கோப்பையையும் பந்தையும் பிரித்துச் சொன்ன ஆளை அவர் கேள்விப்பட்டதே இல்லை. புள்ளிகளை எப்படிச் சேர்த்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், மனசில் பளிச்சென்று தோன்றுகிறது என்று பதில் வந்தது. இன்ஜினியர் அதையும் பயபக்தியோடு கணினியில் ஏற்றிக்கொண்டார். டாக்டரம்மா, இந்த ஆராய்ச்சியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் குழுவுக்குச் சேதி அனுப்பினார். நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

அன்று வீட்டில் மச்சினன் இருந்தான். ஏலக்காரருக்குக் கேட்க வேண்டுமா? கோப்பையில் தொடங்கிப் பந்துவரை ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் குரலை உயர்த்தி, "இனிமே எனக்கு யாரோட கையும் வேண்டாம். மேடையில நான் ஒத்தை ஆளா நிப்பேன்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்த மனைவி, "சரி" என்றாள். கூடப் பத்து வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு உறைத்திருக்கும். அந்த ஒற்றைச் சரியை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அறையின் கோடியில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேண்டாம் என்றால் வேண்டாம். இங்கே கோப்பையை வைத்தார்கள். ஏலக்காரர் பந்து என்றார். செருப்பை வைத்தார்கள். கடிகாரம் என்றார். கடிகாரத்தை வைத்தபோது, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மேஜையில் எதையாவது வைத்தீர்களா இல்லையா என்று கேட்டார்.

இன்ஜினியர் பெட்டியின் பேட்டரியை மாற்றினார். ஒயர்களை மாற்றினார். மேஜை விளக்கை மாற்றினார். வெளியே பெய்த மழையைச் சந்தேகப்பட்டார், பிறகு தன் படிப்பையே சந்தேகப்பட்டார். எதற்கும் மசியவில்லை. டாக்டரம்மா வந்து எல்லோரையும் உட்காரவைத்து, நேற்றுக்கும் இன்றைக்கும் இந்த அறையில் என்ன மாறியிருக்கிறது என்று நன்றாக யோசிக்கச் சொன்னார். எல்லோரும் யோசித்தார்கள். அறைக் கோடியில் கையைக் கட்டிக்கொண்டு அவர் மனைவியும் உண்மையாகவே யோசித்தாள். ஒருவருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

தேர்வுகளை எல்லாம் வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். இன்ஜினியர் அதைப் போட்டுப் பார்த்தார். முதலில் மேஜையைப் பார்த்தார், பிறகு ஏலக்காரர் முகத்தைப் பார்த்தார், மூன்றாவது தடவைதான் முழங்கையைப் பார்த்தார். இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஏலக்காரர் குதியாய்க் குதித்தார். என் முழங்கையை என்னைக் கேட்காமல் யார் அமுக்குவது, அமுக்கினால் எனக்குத் தெரியாதா, நான் என்ன மரக்கட்டையா என்று கத்தினார். அவர் மனைவியும் சண்டைக்கு வந்தாள். நான் எதற்கு அமுக்கப்போகிறேன், எனக்கு வேறு வேலை இல்லையா என்றாள். இன்ஜினியர் திரையை அவள் பக்கம் திருப்பினார். மேஜையில் கோப்பை, முழங்கையில் ஒரு அமுக்கு. மேஜையில் செருப்பு, இரண்டு அமுக்கு. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட, ஆமாங்க" என்றாள்.

ஏலக்காரர் கத்துவதை நிறுத்தினார். தணிந்த குரலில் கேட்டார். "ஏலக் கூடத்துலயும் இப்படித்தானா?"

"அங்கேயும் இப்படித்தான்னு நினைக்கிறேன்."

தேர்வு போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பயல் சொன்னது சரி என்று ஆகிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக மேடையில் நின்று மார்தட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து, உடம்பு கூசியது.

டாக்டரம்மா நேர்மையானவர். நடந்ததை அப்படியே குழுவுக்கு எழுதிவிட்டார். குழுவிடமிருந்து பதில் வந்தது: அவர்கள் எதிரிலேயே மறுபடி தேர்வு நடக்கும், மனைவி கடைசி வரிசையில் உட்கார வேண்டும், கையைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை ஏலக்காரரால் முடியாவிட்டால் கண்ணாடியும் பெட்டியும் அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும். தலைக்குள் தகடு மட்டும், சாவி தொலைந்த பூட்டு மாதிரி, சும்மா கிடக்கும்.

இதற்கு நடுவில் வழக்கமான ஏல நாள் வந்தது. கண்ணாடி ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. ஆனாலும் ஏலக்காரர் வீம்புக்கு ஒத்தை ஆளாய் மேடை ஏறினார். மனைவி வீட்டிலேயே இருந்துகொண்டாள். நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? பீங்கான் ஜாடியைத் தோல்பை என்று ஏலம் கூறினார். வழக்கமாகப் பேச்சு மாறுகிற ஆசாமிக்கே நாற்காலி செட்டைக் கொடுத்தார். நகம் பதிக்க ஆள் இல்லை, அவன் ஏலம் முடிவதற்குள் கம்பி நீட்டிவிட்டான். கடைசியில், வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சினன் ஒரு தும்மல் போட, அதை விலை கேட்டதாக எடுத்துக்கொண்டு மூன்று தரம் கூறி, ஒரு கதவு சரியாக மூடாத பீரோவை அவன் தலையில் கட்டிவிட்டார். இதில் மட்டும் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி. ஆனால் நாள் முழுக்க இடது முழங்கை வெறிச்சென்று இருந்தது. ஜன்னலைத் திறந்துபோட்டதுபோல அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்தது. அங்கே ஒரு கை இருந்திருக்கிறது என்பது அது இல்லாத அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் பேனாவை விடாமல் டக் டக்கென்று சொடுக்கிக்கொண்டிருந்தார். நீளமான அறை. முன்னால் கறுப்பு மேஜை, அதன் பின்னால் ஏலக்காரர். கடைசி வரிசையில், ஜன்னல் வெளிச்சம் விழும் நாற்காலியில் அவர் மனைவி. அவள் ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கடிகாரம். ஏலக்காரர் செருப்பு என்றார். அடுத்து பந்து. கோப்பை என்றார். பேனா இன்னும் வேகமாகச் சொடுக்கியது. இன்ஜினியர் மேஜையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்தார்.

மூன்றாவதாக எதையோ வைத்தார்கள். ஏலக்காரர் குனிந்து பார்த்தார். புள்ளிகள் ஒரு கணம் கூடிப் பிறகு கரைந்துபோயின. வேர்த்துக்கொட்டியது. முடிந்தது கதை என்று நினைத்தார். அப்படி நினைத்தபோது அவர் தலை, ஏலக் கூடத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை செய்ததுபோல, தானாக நிமிர்ந்து கடைசி வரிசைப் பக்கம் போயிற்று.

அங்கே ஏதோ எழுந்தது. இரண்டு மூன்று புள்ளி, அவ்வளவுதான். எழுந்து, ஒரு தடவை கீழே அமுங்கி, நின்றது.

"கோப்பை" என்றார் ஏலக்காரர். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது.

கோப்பையேதான். இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜையில் வேறொன்றை மாற்றி வைத்தார்கள். ஏலக்காரர் மேஜையைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் அந்தப் புள்ளிகள் எழுந்தன, அமுங்கின, மறுபடி அமுங்கின.

"செருப்பு" என்றார்.

பேனா நின்றுவிட்டது. டாக்டரம்மா முகம் மலர்ந்தது. இன்னும் இரண்டு சொன்னால் பெட்டி அவருக்கே. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் ஏலம் விடுகிறவர்களுக்கு என்று ஒரு நேர்மை உண்டு. எதில் ஏமாற்றினாலும், கை தூக்கியவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருக்க அவர்களால் முடியாது. ஏலக்காரர் தன்னையறியாமல் கையை நீட்டினார்.

"பின் வரிசை, ஜன்னலோரம். அந்த அம்மாதானே கேட்டது?"

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் அவர் மனைவியின் கை அந்தரத்தில் இருந்தது, இல்லாத முழங்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு. அவள் திடுக்கிட்டு அதை இழுத்து மடியில் ஒளித்தாள். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. குழுத் தலைவர் எழுந்து, இது மறுபடியும் அதே மோசடி, இதைப் பார்க்கவா எங்களை வரச்சொன்னீர்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

"மோசடிதாங்க" என்றார் ஏலக்காரர். "கோப்பையும் தெரியலை, செருப்பும் தெரியலை. சத்தியமாச் சொல்றேன், மேஜையில இருக்கிறது ஒண்ணுமே எனக்குத் தெரியலை. அவ கைதான் தெரிஞ்சுது."

முதலில் புரிந்துகொண்டவர் இன்ஜினியர்தான். அவர் மேஜையையும் கடைசி வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா மெதுவாக எழுந்து வந்து, "ஐயா, அவ்வளவு தூரத்துல, அதை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் ஏலக்காரருக்கும் உறைத்தது. பார்த்திருந்தார். அந்தக் கண் வழியாக அல்ல, இந்தக் கேமரா வழியாக. ஆனால் அவரே பார்த்திருந்தார்.

பிறகு அந்த அறை ஏலக் கூடமாகிவிட்டது. மேஜையைத் தள்ளி வைத்தார்கள். எல்லோரும் வாயைத் திறக்காமல் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து, இஷ்டப்பட்டபோது கை தூக்கினார்கள். ஏலக்காரர் ஒருவரையும் விடவில்லை. இடது பக்கம், சுவரோரம் என்றார். நடு வரிசை, ரெண்டு பேர் சேர்ந்து தூக்காதீங்க என்றார். குழுத் தலைவர் கடைசியாகத் தயங்கித் தயங்கி, பேனாவைச் சொடுக்கிக்கொண்டே கையை உயர்த்தியபோது, பேனாக்காரர் இப்போதான் மனசு வந்து கேட்கிறார் என்றார். தலைவர்கூட அசடு வழியச் சிரித்துவிட்டார். தேர்வு தோற்றது தோற்றதுதான் என்று அவர் போகும்போது கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் பெட்டி ஏலக்காரரிடமே இருக்கட்டும், கோப்பையை விட்டுவிட்டு அசைகிறவற்றைப் பிடிக்க அதைத் திருத்துங்கள் என்றும் சொன்னார்.

அன்று மட்டும் வாசல் வரைக்கும் கண்ணாடியோடு போக டாக்டரம்மா அனுமதித்தார். நீண்ட வராந்தாவில் ஏலக்காரரும் மனைவியும் நடந்தார்கள். அவள் தொடாமல் நடந்தாள். அவர் சுவரில் ஒரு தடவை தோளை இடித்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் திருப்பினார். முழங்கைக்குப் பக்கத்தில் ஏதோ வந்தது. தொடுவதற்கு முன்னால் பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்கியது. கண் தெரிந்திருந்தால்கூட இதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

நின்றார். "ஏன் எடுத்துட்டுப் போறே?"

"டாக்டர் கூடாதுன்னாங்க. அதுக்கு முன்னாடியே நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அந்த வாய்க்குப் பழகிய வார்த்தைகள் கொஞ்சம்தான். முழங்கையை நீட்டிக்கொண்டு வராந்தா நடுவில் நின்றார்.

"ஒரு தரம்" என்றார்.

அவள் அசையவில்லை.

"ரெண்டு தரம்."

மூன்றாம் தரத்துக்கு வாய் திறப்பதற்குள் கை வந்து முழங்கைமேல் உட்கார்ந்தது. இந்தத் தடவை அவருக்கு நன்றாகவே உணர முடிந்தது. விரல்கள் சூடாக இருந்தன. கூடவே நகமும் பலமாக அழுந்தியது. ஏலக்காரர் வலியைக் காட்டிக்கொள்ளாமல் நடந்தார். எந்த மாதிரி ஆசாமிக்கு அந்தக் குறி என்பது அவருக்குத் தெரியாதா என்ன.